தோள் மூட்டும் ஆறு அசைவுகளும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு "நம் உடல்" என்று தலைப்பு கொடுத்து, ஆளுக்கு ஒரு உறுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதயம், கண், மூளை மூன்றும் முதல் பீரியடிலேயே போய்விட்டன. நான் தோள் மூட்டு வேண்டும் என்று கேட்டேன். "தோளா? அதுல எழுத என்னடி இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். நிறைய இருக்கு. போன வருஷம் எங்க வீட்டில் நடந்த ஒரு சண்டைக்கே அந்த மூட்டுதான் காரணம். அது எனக்கு லேட்டாகத்தான் தெரிந்தது. முதலில் பாடத்தைப் படிப்போம். சண்டை தானாகப் பின்னால் வரும்.

1. மூட்டு எப்படி இருக்கிறது?

நம் உடம்பில் பல வகை மூட்டுகள் இருக்கின்றன. முழங்கை ஒரு கீல் மூட்டு. கதவு மாதிரி மடக்கலாம், நீட்டலாம், அவ்வளவுதான். தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். ஒரு எலும்பின் முனை பந்து போல இருக்கும். இன்னொரு எலும்பில் அதற்கு ஒரு குழி இருக்கும். பந்து குழிக்குள் எல்லாப் பக்கமும் திரும்பும்.

தோளில் மூன்று எலும்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

மேற்கை எலும்பு: இதன் தலைதான் பந்து.
தோள்பட்டை எலும்பு: முதுகில் முக்கோணமாக, பலகை போல இருப்பது. இதன் ஓரத்தில்தான் குழி இருக்கிறது.
காறை எலும்பு: கழுத்துக்குக் கீழே தொட்டால் தெரியும் நீளமான எலும்பு.

இடுப்பிலும் பந்துக்கிண்ணம்தானே, அப்புறம் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இடுப்பில் குழி ஆழமானது. தேங்காய்ச் சிரட்டைக்குள் பந்தை வைத்த மாதிரி. தோளில் குழி ரொம்ப மேலோட்டமானது. விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, அந்த மாதிரி. பந்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நேரத்தில் குழியைத் தொடுவதில்லை. குழியின் விளிம்பில் குருத்தெலும்பு போன்ற ஒரு வளையம் இருந்து அதைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது.

குழி ஆழமில்லாததால்தான் தோள் இவ்வளவு பக்கம் திரும்புகிறது. அதனால்தான் சீக்கிரம் நழுவவும் செய்கிறது. உடம்பின் பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள்தான், அதுவும் பெரும்பாலும் முன்பக்கமாக. கபடியில் யாருக்காவது அப்படி ஆனால் தயவுசெய்து கையைப் பிடித்து இழுத்துச் சரி பண்ணப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிறது. கையை எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படியே துப்பட்டாவால் தொட்டில் கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

2. மூட்டுறை என்னும் சட்டை

பந்தையும் குழியையும் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதற்கு மூட்டுறை என்று பெயர். படத்தில் மஞ்சள் ஸ்கெட்ச் அடித்திருக்கிறேன், பாருங்கள். அக்குள் பக்கத்தில் அது மடிப்பு விழுந்து தொங்குகிறது. அது தவறாக வரைந்தது இல்லை. நிஜமாகவே அங்கே அது தொளதொள என்றுதான் இருக்கும்.

ஏன்? நம் யூனிஃபார்ம் சட்டையை நினைத்துப் பாருங்கள். டெய்லர் அக்குளில் கொஞ்சம் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பார். அப்போதுதான் கையைத் தூக்க முடியும். அங்கே இறுக்கமாகப் போனால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். இந்தச் சட்டை உதாரணத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

3. ஆறு அசைவுகள்

தோளின் அசைவுகளை மூன்று ஜோடிகளாகப் படித்தால் மறக்காது. ஒவ்வொன்றையும் எழுந்து நின்று செய்துகொண்டே படியுங்கள். கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்பதுதான் பூஜ்யம் டிகிரி.

முதல் ஜோடி: முன்னும் பின்னும்

(அ) முன்னால் தூக்குதல். வகுப்பில் பதில் தெரிந்தால் கையை முன்பக்கமாக உயர்த்துகிறோமே, அது. ஆங்கிலத்தில் ஃபிளெக்ஷன் என்பார்கள். காதை ஒட்டி நேராக மேலே போனால் 180 டிகிரி.

(ஆ) பின்னால் நீட்டுதல். எக்ஸ்டென்ஷன். நடக்கும்போது கை பின்னால் போவது இதுதான். இதில் 50 அல்லது 60 டிகிரிதான் போகும். குனிந்து ஏமாற்றினால் அதிகம் போகிற மாதிரி தெரியும். நேராக நின்று செய்யுங்கள்.

இரண்டாம் ஜோடி: விரித்தலும் அணைத்தலும்

(இ) பக்கவாட்டில் விரித்தல். அப்டக்ஷன். பிரேயருக்கு அப்புறம் டிரில்லில் "ஒன்" என்றதும் கையை இரண்டு பக்கமும் விரிப்போம். அது 90 டிகிரி. "டூ" என்றதும் தலைக்கு மேல் தட்டுவோம். அது 180.

(ஈ) உடலோடு அணைத்தல். அடக்ஷன். விரித்த கையைத் திரும்பக் கீழே கொண்டுவருவது. நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அப்போது கை விழாமல் பிடித்திருப்பது இந்த அசைவின் பலம்தான். கிணற்றில் கயிற்றை மேலிருந்து கீழே இழுக்கும்போது பின்னால் நீட்டுதலும் இதுவும் சேர்ந்து வேலை செய்கின்றன.

மூன்றாம் ஜோடி: உள்ளும் வெளியும் சுழற்றுதல்

இதுதான் பலருக்குத் தெரியாத ஜோடி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து 90 டிகிரி மடக்குங்கள். விரல்கள் நேராக முன்னால் பார்க்கட்டும். இப்போது முழங்கை விலாவை விட்டு நகரக் கூடாது.

(உ) உள் சுழற்சி. முன்கையை வயிற்றுப் பக்கம் கொண்டுவருவது. இன்னும் முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பெருவிரலால் முதுகெலும்பைத் தொடுங்கள். நம்மில் பலருக்கு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் தொடும். முந்தானையைப் பின்னால் சுற்றி எடுத்து இடுப்பில் செருகுவது இந்த அசைவுதான்.

(ஊ) வெளிச் சுழற்சி. முன்கையை வெளிப்பக்கம், கதவைத் திறக்கிற மாதிரி கொண்டுபோவது. இந்த நிலையில் 60 முதல் 80 டிகிரி வரை போகலாம். எனக்கு 75 வந்தது. கொண்டை போடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும்போது பக்கவாட்டு விரித்தலும் வெளிச் சுழற்சியும் ரெண்டும் வேண்டும்.

இந்த அசைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தால் கை வட்டமாகச் சுற்றும். சிலம்பம் சுற்றுகிறவர் தோளையும் வேகப்பந்து வீசுகிறவர் தோளையும் பார்த்தால் தெரியும். அது ஏழாவது அசைவு என்று தோன்றும். ஆனால் பழைய ஆட்கள் சேர்ந்து ஆடும் கும்மிதான் அது.

4. தூக்குவது யார்?

தோளின் மேல் தொப்பி போட்ட மாதிரி இருக்கும் பெரிய தசைக்கு டெல்டாய்டு என்று பெயர். பெரியவர்களுக்குக் கையில் ஊசி போடுவார்களே, அந்த இடம். முன், நடு, பின் என்று இதற்கு மூன்று பாகம். முன்பாகம் முன்னால் தூக்கும், நடுப்பாகம் பக்கவாட்டில் விரிக்கும், பின்பாகம் பின்னால் இழுக்கும்.

ஆனால் டெல்டாய்டு மட்டும் இழுத்தால் பந்து குழியில் சுழலாது. நேராக மேலே ஏறி மேலே இருக்கும் எலும்புக் கூரையில் இடிக்கும். அப்படி ஆகாமல் பிடித்து வைக்க நான்கு சின்னத் தசைகள் இருக்கின்றன. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. வேலையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது கையை விரிக்கத் தொடங்க உதவுகிறது. அடுத்த இரண்டும் வெளியே சுழற்றுகின்றன. கடைசியானது உள்ளே சுழற்றுகிறது. நான்கும் சேர்ந்து பந்தைக் குழியோடு அணைத்துப் பிடிக்கின்றன.

நம் ஊர்த் தேர் மாதிரிதான். வடம் பிடித்து இழுப்பவர்கள் நூறு பேர் எல்லார் கண்ணுக்கும் தெரிவார்கள். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்.

5. செய்து பார்!

சோதனை 1: உங்கள் தோழியைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அவள் முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை விரலால் தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது அவள் கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கட்டும். கொஞ்ச தூரத்துக்கு முனை அவ்வளவாக நகராது. அப்புறம் உங்கள் விரலை விட்டு விலாப்பக்கம் ஓடும்.

விளக்கம்: கை 180 டிகிரி போகிறது என்றால் அவ்வளவும் பந்து மூட்டில் நடப்பதில்லை. சுமார் 120 பந்து மூட்டில், சுமார் 60 தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கித் திரும்புவதால். அதாவது இரண்டுக்கு ஒன்று. இந்தக் கணக்கை 1944-ல் இன்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் எழுதினார்கள்.

சோதனை 2: கையைத் தொங்கவிட்டுப் பெருவிரல் பின்பக்கம் பார்க்கும்படி உள்ளே திருப்புங்கள். அப்படியே பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரத்தில் முட்டிக்கொள்ளும். இப்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்புங்கள். சர்ரென்று மேலே போகும்!

விளக்கம்: மேற்கை எலும்பின் தலையில் ஒரு மேடு இருக்கிறது. கை உள்ளே திரும்பியிருந்தால் அந்த மேடு மேலே உள்ள கூரையில் இடிக்கும். வெளியே சுழற்றினால் மேடு பின்னால் ஒதுங்கி வழி விடும். டிரில்லில் கை தட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையைத் திருப்பச் சொல்வது சும்மா அழகுக்கு இல்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வெளிச் சுழற்சி போய்விட்டால் கையைத் தூக்குவதும் போய்விடும். ஒரு அசைவு இன்னொன்றுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது.

6. எங்க வீட்டுச் சண்டை

நம் பள்ளியில் ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசிலிருந்து எனக்கு அம்மாதான் பின்னி விடுவாங்க. போன வருஷம் ஜூனில் ஸ்கூல் திறந்ததும், "நீயே பின்னிக்கடி, உனக்குக் கை இல்லையா?" என்று சொல்லிவிட்டாங்க. எனக்குச் சரியாக வராது. வகிடு கோணும், ரிப்பன் நழுவும். பிரேயரில் ரெண்டு தடவை திட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து, "தம்பிக்கு மட்டும் எல்லாம் செய்யற, எனக்குச் செய்ய மாட்டியா?" என்று கத்தினேன். அம்மா ஒண்ணும் சொல்லல. நான் ரெண்டு நாள் பேசல.

ஆகஸ்ட் மாசம் வகுப்பில் மூட்டுகள் பற்றிப் படித்தோம். அந்த ஆறு அசைவுகளையும் வீட்டில் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியும் செய்தான். அம்மாவையும் செய்யச் சொன்னேன். "போடி, வேலை கிடக்கு" என்றாங்க. விளையாட்டுக்குக் கையைப் பிடித்துத் தூக்கினேன். "ஆ"ன்னு கத்தி உட்கார்ந்துட்டாங்க.

அப்புறம்தான் நான் சுற்றிப் பார்த்தேன். அடுப்படி மேல்தட்டில் இருந்த துவரம்பருப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, சர்க்கரை டப்பா எல்லாம் தரைக்கு இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியவே இல்லை. அம்மா கொண்டை போடுவதில்லை. வலது கையால் முடியைச் சுருட்டி ஒரு கிளிப் போட்டிருந்தாங்க. முந்தானையை முன்பக்கமே செருகியிருந்தாங்க. ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுக்க மாட்டாங்க. பொங்கலுக்கு வெள்ளை அடித்தபோதே இடது தோள் வலித்ததாம். எட்டு மாசமாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூலி வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு பயம்.

சடை பின்னுவது என்றால் என்ன? கையை ரெண்டையும் முன்னால் தூக்கி அப்படியே கால்மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் வெளியே இழுத்து இறுக்க வேண்டும். ஃபிளெக்ஷன், அப்டக்ஷன், வெளிச் சுழற்சி. அம்மாவிடம் இல்லாத மூன்றும் அதுதான். வலிக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக, "உனக்குக் கை இல்லையா" என்று சொல்லியிருக்காங்க.

நான் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியில் நூல் கட்டி, நூல் முனையில் ஒரு சின்னக் கல் கட்டி, அம்மா கையை அளந்தேன். வெளிச் சுழற்சியை மட்டும் கல் இல்லாமல், பாகைமானியை முழங்கைக்கு மேலே படுக்க வைத்து அளந்தேன். டாக்டர்கள் இதற்கு கோனியோமீட்டர் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். என்னுடையது ஏழைக் கோனியோமீட்டர்.

ஆகஸ்டில், அம்மாவின் இடது தோள்:
முன்னால் தூக்குதல்: 90
பக்கவாட்டில் விரித்தல்: 70
வெளிச் சுழற்சி: 10
முதுகுக்குப் பின்னால்: இடுப்பின் ஓரம் வரைதான்

விரிக்கும்போது அம்மா தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு விரிச்சாங்க. சோதனை 1-ஐ அம்மா முதுகில் செய்து பார்த்தேன். கை கிளம்பும்போதே தோள்பட்டை எலும்பின் முனையும் கிளம்பி ஓடியது. அதாவது அந்த 70-ல் பெரும்பகுதி தோள்பட்டை எலும்பு சறுக்கியதால் வந்தது. பந்து மூட்டு கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது.

7. உறைந்த தோள்

அளவுகளை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இடது பக்கம் என்பதால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பும் நன்றாக இருந்தது. டாக்டர் என்னைப் போலவே ஆறு அசைவுகளையும் செய்யச் சொன்னார். பிறகு அம்மா கையை அவரே பிடித்து மெதுவாகத் திருப்பினார். அம்மா தானாகச் செய்தாலும் போகவில்லை, அவர் செய்தாலும் போகவில்லை.

இதுதான் முக்கியமான வித்தியாசம் என்றார். தசைநாண் கிழிந்திருந்தால் பெரும்பாலும் நம்மால் தூக்க முடியாது, ஆனால் இன்னொருவர் தூக்கினால் கை போகும். யார் தூக்கினாலும் போகவில்லை, அதிலும் வெளிச் சுழற்சி ரொம்பக் குறைந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் மூட்டுறையே சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஃபுரோசன் ஷோல்டர், அதாவது உறைந்த தோள் என்று பெயர். 1934-ல் காட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது.

சட்டை உதாரணத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளில் தொளதொள என்று இருக்க வேண்டிய மூட்டுறை தடித்து, சுருங்கி, மடிப்புகள் ஒட்டிப்போகிறது. துவைத்துச் சுருங்கின சட்டை மாதிரி. எலும்பும் தசையும் சரியாக இருந்தாலும் சட்டை விடாது.

இது பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் டாக்டர் அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சர்க்கரை இருந்தது! எங்களுக்கு அதுவரை தெரியாது. தோளைப் பார்க்கப் போய்ச் சர்க்கரையைக் கண்டுபிடித்தோம். இப்போது மாத்திரை சாப்பிடறாங்க.

இந்த நோய் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் வலி அதிகமாகி அசைவு குறையும். அடுத்து வலி குறையும், ஆனால் இறுக்கம் அப்படியே நிற்கும். கடைசியில் மெல்ல மெல்ல இளகும். எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருஷம் ஆகலாம்.

நாங்கள் செய்த இரண்டு தவறுகளையும் எழுதிவிடுகிறேன். சுளுக்கு என்று நினைத்து ஒருவரிடம் போய் எண்ணெய் தேய்த்து பலமாக நீவி இழுக்க வைத்தோம். அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. பிறகு, ஆட்டினால்தானே வலிக்கிறது என்று மூன்று வாரம் துணியில் கட்டித் தொங்கப் போட்டோம். இறுக்கம் கூடிவிட்டது. ரொம்ப இழுக்கவும் கூடாது, ஆட்டாமல் வைக்கவும் கூடாது.

8. பயிற்சிகள்

இயன்முறை மருத்துவர் அக்கா சொல்லிக் கொடுத்தவை:

ஊசல் பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி மெதுவாக ஆட்டுவது. இதைக் காட்மன் பயிற்சி என்றும் சொல்வார்கள். பெயர் வைத்த அதே டாக்டர்தான்.
சுவர் ஏறுதல்: விரல்களால் பல்லி மாதிரி சுவரில் மெல்ல ஏறுவது. எட்டிய இடத்தில் தினமும் சாக்பீஸால் கோடு போடுவது.
குச்சிப் பயிற்சி: இரண்டு கையிலும் ஒரு குச்சியைப் பிடித்து, முழங்கை விலாவை ஒட்டியிருக்க, நல்ல கையால் வலிக்கும் கையை வெளியே தள்ளுவது. இது வெளிச் சுழற்சிக்கு.
துண்டுப் பயிற்சி: முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து, மேல் கையால் கீழ்க் கையை மெல்ல இழுப்பது. இது உள் சுழற்சிக்கு.

லேசாக இழுக்கிற மாதிரி இருக்கலாம். கண்ணில் தண்ணீர் வரும் அளவு கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் நேராக ஆரம்பிக்காதீர்கள். முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். ஏன் என்றால் எல்லாத் தோள்வலியும் உறைந்த தோள் இல்லை. கையை ஆட்டாமலே வலித்து, நெஞ்சிலும் பாரமாக இருந்து, வியர்த்துக் கொட்டினால் அது இதயமாக இருக்கலாம். பயிற்சி செய்துகொண்டு நிற்காமல் உடனே 108-க்குக் கூப்பிட வேண்டும்.

எங்க வீட்டு அடுப்படிச் சுவரில் இப்போது இருபதுக்கு மேல் சாக்பீஸ் கோடுகள் இருக்கு. சில நாள் கோடு இறங்கும். "இன்னிக்கு இறங்கிடுச்சே" என்று அம்மா முகம் வாடும். அக்கா சொன்னது ஞாபகம் வரும்: வாரத்தைப் பாரு, நாளைப் பாக்காதே.

இந்த ஜனவரியில் அளந்தது:
முன்னால் தூக்குதல்: 140
பக்கவாட்டில் விரித்தல்: 120
வெளிச் சுழற்சி: 40
முதுகுக்குப் பின்னால்: நடு இடுப்பு வரை

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் சர்க்கரை டப்பா மேல்தட்டுக்குப் போய்விட்டது. அம்மா அதை எட்டி எடுக்கக் கூடாது என்று நான்தான் ஏற்றினேன். அம்மா எட்டி எடுத்துட்டாங்க!

போன திங்கட்கிழமை அம்மா, "உக்காருடி" என்றாங்க. நான் தரையில் உட்கார்ந்தேன். வலதுச் சடை நன்றாக வந்தது. இடதுச் சடையில் பாதியில் நிறுத்தி, கையைத் தொங்கப் போட்டு ரெண்டு நிமிஷம் ஊசல் ஆட்டிவிட்டு, மறுபடியும் பின்னி முடிச்சாங்க. இடதுச் சடை கொஞ்சம் கோணல்தான். அன்று பிரேயரில் ஒருத்தி "உன் சடை கோணலா இருக்குடி" என்று சொன்னாள். தெரியும் என்று சொன்னேன். அவிழ்க்கவில்லை.

9. கடைசியாக ஒரு வேண்டுகோள்

இன்று வீட்டுக்குப் போய் அம்மா, பாட்டி, அத்தை யாராக இருந்தாலும் இந்த ஆறு அசைவுகளையும் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும். வலி இருந்தாலும் அவங்க வாயால் சொல்ல மாட்டாங்க. அலமாரியில் எந்த டப்பா கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். எந்த அசைவு குறைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அதோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். "தோள் வலிக்குது" என்று சொல்வதைவிட, "வெளிச் சுழற்சி பத்து டிகிரிதான் போகுது" என்று சொன்னால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். எங்க டாக்டர் பார்த்தார்.

கேள்விகள்

1. தோளின் குழியைவிட இடுப்பின் குழி ஆழமாக இருப்பதால் எந்த மூட்டு எளிதில் நழுவும்?
2. கை 180 டிகிரி தூக்கும்போது தோள்பட்டை எலும்பின் பங்கு சுமார் எத்தனை டிகிரி?
3. முந்தானையைப் பின்னால் எடுத்துச் செருகும்போது நடப்பது உள் சுழற்சியா, வெளிச் சுழற்சியா?
4. மேற்கைத் தலையைக் குழியோடு அணைத்துப் பிடிக்கும் சின்னத் தசைகள் எத்தனை?
5. உறைந்த தோளில் சுருங்குவது எது?

விடைகள் (தலைகீழாக எழுதியிருக்கிறேன், கழுத்தைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள்): 1. தோள் 2. 60 3. உள் சுழற்சி 4. நான்கு 5. மூட்டுறை

தவறு இருந்தால் ஆசிரியர்கள் திருத்தவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி